தி எக்ஸ்பிரஸ்: எர்னி டேவிஸ் படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தப் படம்? எதைப் பற்றியது?

2008 அக்டோபர் 10 அன்று அமெரிக்காவில் வெளியான யுனிவர்சல் நிறுவனத்தின் படம். முழுப்பெயர் ‘தி எக்ஸ்பிரஸ்: தி எர்னி டேவிஸ் ஸ்டோரி’. கேரி ஃப்ளெடர் இயக்கியது. 130 நிமிடம் ஓடும். எர்னி டேவிஸாக ராப் பிரவுனும், சிரக்யூஸ் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பென் ஷ்வார்ட்ஸ்வால்டராக டென்னிஸ் க்வெய்டும், எர்னியின் தாத்தாவாக சார்லஸ் டட்டனும் நடித்திருக்கிறார்கள்.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரப்படுவது ஹெய்ஸ்மன் கோப்பை. அதை வென்ற முதல் கறுப்பின ஆட்டக்காரர் எர்னி டேவிஸ். ஆண்டு 1961. அடுத்த 2 ஆண்டுகளுக்குள், 23 வயதில், ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனார். நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா நகரில் வளர்ந்ததால் ‘எல்மைரா எக்ஸ்பிரஸ்’ என்று பட்டப்பெயர். படத்தின் தலைப்பு அங்கிருந்து வந்தது.

அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி ஒன்றுமே தெரியாது. படம் புரியுமா?

புரியும். ஆனால் கீழே உள்ளதை முதலில் படித்துக்கொண்டால் ஆட்டக் காட்சிகளில் யார் எதற்காகக் கத்துகிறார்கள் என்று தடுமாற வேண்டியிருக்காது.

மைதானத்தின் நீளம் 100 கெஜம், அதாவது சுமார் 91 மீட்டர். பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 கெஜம் முன்னேற 4 வாய்ப்பு. முன்னேறினால் மறுபடி 4 வாய்ப்பு. முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும். எதிரணியின் கோல் கோட்டைப் பந்தோடு கடந்தால் டச்டவுன், 6 புள்ளி. அதன் பிறகு ஒரு கூடுதல் வாய்ப்பு உண்டு: பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 1 புள்ளி, மறுபடி ஓடியோ பாஸ் பிடித்தோ கோட்டைக் கடந்தால் 2 புள்ளி. இந்த 2 புள்ளி விதி கல்லூரி ஆட்டத்துக்கு 1958இல்தான் வந்தது. படத்தின் உச்சமான ஆட்டத்தில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இன்னொரு விஷயம் பலருக்கும் குழப்பம் தரும். இன்றைய ஆட்டத்தில் தாக்குதலுக்கு ஓர் ஆட்டக்காரர் கூட்டம், தற்காப்புக்கு வேறு கூட்டம். 1950களின் கல்லூரி ஆட்டத்தில் ஆளை மாற்றுவதற்குக் கடும் கட்டுப்பாடு இருந்ததால் ஒரே ஆள் இரண்டையும் ஆடினார். எர்னி ஒரு நிமிடம் பந்தோடு ஓடுவதும் அடுத்த நிமிடம் எதிரணியின் பாஸை இடைமறிப்பதும் அதனால்தான். களைப்பும் அடியும் இரட்டிப்பு. களத்தில் பகை மூண்டால் தப்பி உட்கார இடமில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

எர்னியின் இடம் ஹாஃப்பேக். பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு தற்காப்பு வரிசையைப் பிளந்து ஓடுவது அவர் வேலை. பந்து அவர் கையில் இருக்கும்போது மோதிச் சாய்ப்பதற்கு எதிரணியின் 11 பேருக்கும் விதிப்படியே உரிமை உண்டு. விசிலுக்குப் பிறகு குவியலுக்குள் விழும் குத்தும் உதையும்தான் விதிமீறல். நடுவர் அதைப் பார்க்கிறாரா, பார்த்தும் பார்க்காமல் இருக்கிறாரா என்பதைப் படம் நெடுகக் கவனியுங்கள்.

எர்னி டேவிஸின் வாழ்க்கையில் எவ்வளவு படத்தில் இருக்கிறது?

பெரும்பகுதி. 1939 டிசம்பர் 14 அன்று பென்சில்வேனியாவில் பிறந்தார். பிறப்பதற்கு முன்பே அப்பா விபத்தில் இறந்துவிட்டார். யூனியன்டவுன் என்ற சுரங்க ஊரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்து, 12 வயதில் அம்மாவோடு எல்மைராவுக்கு வந்தார். சிறுவயதுத் திக்குவாய், தாத்தாவின் பாசம், ஊர் மாற்றம் எல்லாம் படத்தில் இருக்கின்றன. பள்ளிக் காலத்தில் கூடைப்பந்திலும் அவர் நட்சத்திரம். அவருடைய பள்ளி அணி தொடர்ந்து 52 ஆட்டம் வென்றது. படத்துக்கு அது தேவைப்படவில்லை.

சிரக்யூஸில் 1959 முதல் 1961 வரை 3 பருவம் ஆடினார். பந்தோடு ஓடியது மொத்தம் 2,386 கெஜம். ஒரு ஓட்டத்துக்குச் சராசரி 6.6 கெஜம். 10 கெஜத்துக்கு 4 வாய்ப்பு என்பதோடு சேர்த்துப் பார்த்தால் இந்தச் சராசரியின் கனம் விளங்கும்: இரண்டே ஓட்டத்தில் வேலை முடிந்துவிடும்.

காதல் பகுதியை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது திரைக்கதையின் தேவைக்கு எழுதப்பட்டது.

வெஸ்ட் வர்ஜீனியா ஆட்டத்தில் கூட்டம் பாட்டில் வீசுகிறது, வசைபாடுகிறது. அது நடந்ததா?

நடக்கவில்லை. இந்தப் படத்தின் மிகப் பெரிய பிழை இதுதான்.

1959 அக்டோபர் 24 அன்று வெஸ்ட் வர்ஜீனியாவின் மார்கன்டவுனில் ஆட்டம் நடந்ததாகப் படம் காட்டுகிறது. உண்மையில் அந்த ஆட்டம் சிரக்யூஸின் சொந்த மைதானமான ஆர்ச்போல்ட் அரங்கில் நடந்தது. சிரக்யூஸ் 44-0 என்று வென்றது. படம் வந்தபோது வெஸ்ட் வர்ஜீனியாக்காரர்கள் கொதித்தார்கள். அன்று சிரக்யூஸ் அணியில் குவார்ட்டர்பேக்காக, அதாவது வழக்கமாகப் பாஸ் எறிபவராக, ஆடிய டிக் ஈஸ்டர்லியும் அந்தக் காட்சி முழுக்கக் கற்பனை என்று வெளிப்படையாகச் சொன்னார். அதாவது எர்னியின் சொந்த அணித் தோழரே மறுத்த காட்சி.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. ஒரு ஊரின் மேல், அந்த ஊர் செய்யாத குற்றத்தைச் சுமத்துவது முதல் தவறு. இரண்டாவது தவறு இன்னும் ஆழமானது. நிறவெறி என்றால் கூச்சலிடும் குடிகாரக் கூட்டம் என்று பார்வையாளர் மனதில் பதிந்துவிடுகிறது. கல்லூரி ஃபுட்பாலில் நிறவெறியை நடத்தியவர்கள் பெரும்பாலும் கோட்டு சூட்டு போட்டவர்கள். கடிதம் எழுதி, ஒப்பந்தம் போட்டு, ஹோட்டல் அறை பதிவு செய்து, விருந்து மேசையைப் பிரித்து நடத்தினார்கள். படத்தில் அந்த நிறவெறியும் இருக்கிறது. ஆனால் பாட்டில் சத்தத்தில் அது பலருக்குக் கேட்காமல் போகிறது.

அப்படியென்றால் படம் நிறவெறியை மிகைப்படுத்துகிறதா?

இல்லை. இடத்தை மாற்றிக் காட்டுகிறது, அளவைக் கூட்டவில்லை. அந்தக் காலத்தில் நடந்தவற்றில் பல, படத்தில் வருவதைவிட மோசம்.

வட மாநிலப் பல்கலைக்கழகங்கள் தென் மாநில அணிகளோடு ஆடும்போது தங்கள் கறுப்பின ஆட்டக்காரரை உட்கார வைத்துவிடும் வழக்கம் ஒன்று இருந்தது. ‘கனவான்கள் ஒப்பந்தம்’ என்று அதற்குப் பெயர். நடைமுறை எளிமையானது. அட்டவணை போடும்போதே தெற்கத்திப் பல்கலைக்கழகம் நிபந்தனையைச் சொல்லிவிடும். வடக்கத்தி நிர்வாகம் ஒப்புக்கொள்ளும். சில நேரம் ஈடாக எதிரணியும் தன் நல்ல ஆட்டக்காரர் ஒருவரை உட்கார வைக்கும். ஆட்டக்காரருக்கு விஷயம் கடைசி நேரத்தில்தான் தெரியும்.

சிரக்யூஸே இதைச் செய்தது. 1937இல் அந்த அணியில் வில்மத் சிடாட் சிங் என்ற அருமையான ஆட்டக்காரர் இருந்தார். பிறந்தது கறுப்பினக் குடும்பத்தில். அப்பா இறந்த பிறகு அம்மா மணந்துகொண்டவர் இந்திய மருத்துவரான சாமுவேல் சிடாட் சிங். வளர்ப்புத் தந்தையின் பெயர் பையனுக்கு வந்தது. பத்திரிகைகள் அவரை ‘இந்து’ என்றே எழுதின, பல்கலைக்கழகமும் திருத்தவில்லை. இந்தியர் என்றால் தெற்கில் ஆடலாம், கறுப்பர் என்றால் கூடாது. மேரிலாந்து அணியுடனான ஆட்டத்துக்கு முன் கறுப்பின விளையாட்டு எழுத்தாளர் சாம் லேசி உண்மையை எழுதினார். இப்படி ஒளித்து ஆடவேண்டிய நிலையே அவமானம் என்பது அவர் வாதம். மேரிலாந்து மறுக்க, சிரக்யூஸ் பணிந்தது. சிடாட் சிங் பெஞ்சில் உட்கார்ந்தார், சிரக்யூஸ் 13-0 என்று தோற்றது. அடுத்த ஆண்டு சிரக்யூஸில் நடந்த ஆட்டத்தில் அவர் இறங்கினார், 53-0. பின்னாளில் டஸ்கிகி கறுப்பின விமானப் படையில் சேர்ந்து, 1943இல் பயிற்சிப் பறப்பின்போது ஹூரான் ஏரியில் விழுந்து இறந்தார். மேரிலாந்து பல்கலைக்கழகம் 2013இல் மன்னிப்புக் கேட்டது.

எர்னி சிரக்யூஸுக்கு வருவதற்கு 20 ஆண்டுக்கு முந்தைய சம்பவம் இது. படத்தில் ஒரு வரி வந்திருக்கலாம் என்ற வருத்தம் எங்களுக்கு உண்டு.

1960 காட்டன் பவுல் ஆட்டத்தில் உண்மையில் என்ன நடந்தது?

1959 பருவத்தில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் சிரக்யூஸ் தேசிய அளவில் முதலிடம் பிடித்தது. பருவம் முடிந்த பிறகு நடக்கும் சிறப்பு ஆட்டமான காட்டன் பவுலில், 1960 ஜனவரி 1 அன்று டல்லஸ் நகரில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தை எதிர்த்து ஆடியது. டெக்சஸ் அணியில் அன்று அத்தனை பேரும் வெள்ளையர். அந்தப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் முதன்மை அணியில் கறுப்பினத்தவர் ஒருவர் ஆட 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிரக்யூஸில் 3 கறுப்பின ஆட்டக்காரர்கள்: எர்னி டேவிஸ், ஜான் பிரவுன், ஆர்ட் பேக்கர். படத்தில் வரும் ‘ஜாக் பக்லி’ பாத்திரம் ஜான் பிரவுனை ஒட்டி எழுதப்பட்டது.

எர்னிக்குத் தொடையின் பின்தசை இழுத்துப் பிடித்திருந்தது. ஓட முடியுமா என்பதே சந்தேகம். ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில், சிரக்யூஸ் தன் 13ஆவது கெஜத்தில் இருந்தபோது, கெர்ஹார்ட் ஷ்வேடஸ் எறிந்த பாஸைப் பிடித்து 87 கெஜத்தில் டச்டவுன். ஷ்வேடஸ் குவார்ட்டர்பேக் அல்ல, அவரும் ஹாஃப்பேக்தான். ஓடப்போகிறார் என்று டெக்சஸ் தற்காப்பு முன்னால் நெருங்கி வரும்போது அவர் நின்று எறிந்தார். பின்னால் காவல் இல்லாத வெளியில் எர்னி. காட்டன் பவுலில் அதுவரை இல்லாத நீளமான பாஸ் அது.

இடைவேளைக்குச் சற்று முன் களத்தில் கைகலப்பு. ஜான் பிரவுனை நோக்கி வந்த வசைதான் தொடக்கம் என்பது சிரக்யூஸ்காரர்கள் தரப்பு. நிறத்தை வைத்து எதுவும் நடக்கவில்லை என்பது டெக்சஸ் தரப்பு. இந்த ஆட்டத்தைப் படம் காட்டிய விதத்தில் டெக்சஸ் பழைய ஆட்டக்காரர்களுக்கு இன்றுவரை மனக்குறை உண்டு.

முடிவு 23-14, சிரக்யூஸ் வெற்றி. எர்னி 2 டச்டவுன் போட்டார், 2 முறை கூடுதல் 2 புள்ளியையும் எடுத்தார். ஆக, அணியின் 23 புள்ளியில் 16 அவருடையது. ஒரு பாஸையும் இடைமறித்தார். சிறந்த ஆட்டக்காரர் பரிசும் அவருக்கே.

ஆட்டத்துக்குப் பிறகான விருந்துக் காட்சி? அதுவும் கற்பனையா?

அல்ல. விவரங்களில் வேறுபாடு இருக்கிறது, மையம் உண்மை.

ஜான் பிரவுன் பின்னாளில் சொன்னபடி, விருந்தில் கறுப்பின ஆட்டக்காரர் மூவருக்கும் தனி மேசை. சாப்பிட்டு, பரிசு வாங்கியதும் மூவரும் வெளியேறிவிட வேண்டும், மிச்சக் கொண்டாட்டம் வெள்ளையருக்கு. களத்தில் ஒரே அணி, சாப்பாட்டில் தனிப் பந்தி. அன்றைய ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரரே அந்த மூவரில் ஒருவர். எல்லோரும் சேர்ந்து வெளியேறிவிடுவோம் என்று ஷ்வேடஸ் அணியினரிடம் சொன்னார். சிரக்யூஸ் அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள்.

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். பிரித்து உட்கார வைத்தது டல்லஸ். ஆனால் அணி எழுந்து போகாமல் உட்கார வைத்தது சிரக்யூஸ்.

பயிற்சியாளர் ஷ்வார்ட்ஸ்வால்டர் படத்தில் காட்டுவதுபோல மனம் மாறினாரா?

படம் அவரை ஒரு பயணத்தில் வைக்கிறது: முதலில் வெற்றி மட்டுமே கண்ணில் படும் மனிதர், எர்னியைப் பார்த்துப் பார்த்துக் கண் திறக்கிறார். டென்னிஸ் க்வெய்டின் நடிப்பு நன்றாகவே இருக்கிறது. குறிப்பாக, எர்னியைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து அவரையே அவமானப்படுத்தும் இடங்களில்.

நிஜ மனிதர் இரண்டாம் உலகப் போரில் 82ஆவது வான்குடைப் படைப்பிரிவோடு நார்மண்டியில் குதித்தவர். 1949 முதல் 1973 வரை சிரக்யூஸில் பயிற்சியாளர். கறுப்பின ஆட்டக்காரர்களைத் தேடிச் சேர்த்தவர் என்பது உண்மை. அவர்களைச் சமமாக நடத்தினாரா என்ற கேள்விக்கு 1970இல் அவருடைய அணியே பதில் சொன்னது.

அந்த ஆண்டு வசந்தகாலப் பயிற்சியைக் கறுப்பின ஆட்டக்காரர்கள் 9 பேர் புறக்கணித்தார்கள். பத்திரிகைகள் எண்ணிக்கையைத் தவறாக எழுதியதால் ‘சிரக்யூஸ் எட்டு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர்கள் கேட்டவை: எல்லோருக்கும் ஒரே தரமான மருத்துவ கவனிப்பு, படிப்பில் உதவி, திறமையை வைத்து மட்டுமே அணியில் இடம், பயிற்சியாளர் குழுவில் ஒரு கறுப்பினத்தவர். பேராசை என்று சொல்ல இதில் எதுவும் இல்லை. பல்கலைக்கழகம் அமைத்த குழு விசாரித்து, விளையாட்டுத் துறையில் நிறவெறி இருந்ததை உறுதிசெய்தது. ஆனாலும் அவர்களில் பலரின் ஆட்ட வாழ்க்கை அதோடு முடிந்தது. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டு அவர்களைக் கௌரவித்தது 2006இல்தான், 36 ஆண்டு கழித்து.

படம் 1963இல் முடிகிறது, அதனால் இது வராது. ஆனால் ஷ்வார்ட்ஸ்வால்டர் திருந்திவிட்டார் என்ற நிம்மதியோடு எழுந்து போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜிம் பிரவுனுக்கும் எர்னிக்கும் என்ன தொடர்பு?

சிரக்யூஸில் எர்னிக்கு முந்தைய பெரும் நட்சத்திரம் ஜிம் பிரவுன். 44ஆம் எண் ஜெர்சி அவரிடமிருந்து எர்னிக்கு வந்தது. எர்னியைச் சிரக்யூஸுக்கு வரவைத்ததில் அவருக்குப் பங்கு இருந்ததும் உண்மை. படத்தில் டாரின் ஹென்சன் அந்தப் பாத்திரத்தில் வருகிறார்.

ஜிம் பிரவுன் கல்லூரிக்கு வந்தபோது அவருக்கு உதவித்தொகைகூடக் கிடையாது. சொந்த ஊர் நலம்விரும்பிகள் பணம் திரட்டித்தான் சேர்த்துவிட்டார்கள். விடுதியிலும் மற்ற ஆட்டக்காரர்களிடமிருந்து தள்ளியே வைத்தார்கள். 1957 காட்டன் பவுலில் தனியாளாக 21 புள்ளி எடுத்தும் அணி 28-27 என்று தோற்றது. 1956 ஹெய்ஸ்மன் வாக்கெடுப்பில் அவருக்குக் கிடைத்தது 5ஆம் இடம். அவர் கோபக்காரர், எர்னி சாந்தமானவர் என்று படம் காட்டும் வேறுபாட்டுக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

ஹெய்ஸ்மன் கோப்பையை எர்னி எளிதாக வென்றாரா?

இல்லை. 824 வாக்குப் புள்ளி எர்னிக்கு, 771 ஒஹையோ ஸ்டேட் அணியின் பாப் ஃபெர்குசனுக்கு. இரண்டாமிடம் வந்த ஃபெர்குசனும், நான்காமிடம் வந்த மினசோட்டா குவார்ட்டர்பேக் சேண்டி ஸ்டீவன்ஸும் கறுப்பினத்தவர். ஆக, 1961இல் எர்னி தனி அதிசயம் அல்ல. பல ஆண்டாக அடைத்து வைத்த கதவை ஒரே நேரத்தில் பலர் இடித்துக்கொண்டிருந்தார்கள். இது படத்தில் தெரிவதில்லை. கோப்பை வழங்கப்பட்ட அன்று அதிபர் கென்னடி நியூயார்க்கில் இருந்தார். அவரே ஆளனுப்பி எர்னியைச் சந்தித்துக் கைகுலுக்கினார்.

தொழில்முறை ஆட்டத்துக்கு எர்னி ஏன் கிளீவ்லாந்துக்குப் போனார்?

படத்தில் இதற்குக் கிடைத்திருக்கும் இடம் போதாது. நிஜக் கதை மிகச் சுவாரஸ்யம்.

என்.எஃப்.எல் என்பது தொழில்முறை ஃபுட்பால் லீக். கல்லூரி ஆட்டக்காரர்களை அதன் அணிகள் முறைவைத்து எடுக்கும் 1962 தேர்வில் முதல் ஆளாக எர்னியை எடுத்தது வாஷிங்டன் அணி. அப்படி முதலிடத்தில் எடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர் அவர். ஆனால் வாஷிங்டன் உரிமையாளர் ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷல் அதுவரை ஒரு கறுப்பினத்தவரைக்கூடச் சேர்க்காதவர். லீக்கில் மற்ற எல்லா அணிகளும் சேர்த்துவிட்ட பிறகும் பிடிவாதமாக இருந்தார். அவரை மசிய வைத்தது ஒரு நில ஆவணம். அணி குடிபுகவிருந்த புதிய அரங்கம் மத்திய அரசின் நிலத்தில் கட்டப்பட்டது. உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் யூடல், பாகுபாடு காட்டினால் அரங்கம் கிடையாது என்று 1961இல் எச்சரித்தார்.

மார்ஷல் எர்னியைத் தேர்ந்தெடுத்து, கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணிக்குக் கைமாற்றினார். பதிலுக்கு பாபி மிட்செலும் லீராய் ஜாக்சனும் வந்தார்கள், இருவரும் கறுப்பினத்தவர்தான். வாஷிங்டன் அணி அந்த ஆண்டோடு மாறியது. கிளீவ்லாந்தில் ஜிம் பிரவுனும் எர்னியும் ஒரே அணியில் ஓடுவதைப் பார்க்க நாடே காத்திருந்தது.

கடைசியில் அவர் மைதானத்தில் ஓடிவரும் காட்சி உண்மையா?

உண்மை. 1962 கோடையில் சிகாகோவில் நடக்கவிருந்த கல்லூரி நட்சத்திரங்கள் ஆட்டத்துக்குப் பயிற்சி எடுக்கும்போது உடம்பு முடியாமல் போனது. பரிசோதனையில் ரத்தப் புற்றுநோய். எர்னியிடம் முதலில் ரத்தத்தில் கோளாறு என்று மட்டுமே சொன்னார்கள். ஆகஸ்டில் கிளீவ்லாந்தில் நடந்த பருவத்துக்கு முந்தைய ஆட்டத்தில் அவரை அறிமுகப்படுத்தினார்கள். ஒளிவட்டத்தில் ஓடிவந்தார். ஒரு ஆட்டம்கூட அந்த அணிக்கு அவர் ஆடவில்லை. ஆடவிடலாம் என்று உரிமையாளர் ஆர்ட் மோடெல் விரும்பியும் பயிற்சியாளர் பால் பிரவுன் ஒப்பவில்லை. கிளீவ்லாந்தில் அவருக்குரிய 45ஆம் எண்ணை அந்த அணி யாருக்கும் தராமல் ஒதுக்கிவைத்தது.

1963 மார்ச்சில் ஒரு பத்திரிகையில் தன் பெயரில் வந்த கட்டுரையில், தான் துரதிர்ஷ்டசாலி இல்லை என்று எழுதினார். மே 18 அன்று இறந்தார்.

இவ்வளவு இருந்தும் படம் ஏன் ஓடவில்லை?

சுமார் 4 கோடி டாலர் செலவு. உலக வசூல் 1 கோடி டாலரைத் தொடவில்லை. 2008 அக்டோபரில் அமெரிக்கா நிதி நெருக்கடியின் நடுவில் இருந்தது. அதைவிடப் பெரிய காரணம் என்று நாங்கள் நினைப்பது, விளையாட்டும் நிறவெறியும் கலந்த படங்கள் அந்தப் பத்தாண்டில் வரிசையாக வந்து பார்வையாளருக்கு அலுத்திருந்தன. எர்னியின் பெயரும் அமெரிக்காவுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

ஆனால் இதைக் கும்பலோடு சேர்க்கக் கூடாது. மற்ற படங்கள் பெரும்பாலும் வெற்றியோடு முடியும். இதில் நாயகன் எல்லாத் தடையையும் தாண்டிய பிறகு, யார்மேலும் பழிபோட முடியாத ஒரு நோயில் சாகிறார். திரைக்கதை அதை அழுகாச்சியாக்காமல் சுருக்கமாக முடிக்கிறது. ஆட்டக் காட்சிகளின் படப்பிடிப்பும் தனித் தரம். பழைய செய்திப்படம்போல நிறம் வெளிறி, துகள் தெறிக்கும் காட்சிகள் இடையிடையே வருகின்றன. அடிபடும் சத்தம் காதுக்குள் விழுகிறது. நிஜ ஆர்ச்போல்ட் அரங்கம் 1970களின் இறுதியில் இடிக்கப்பட்டுவிட்டதால் பெரும்பகுதி சிகாகோ பக்கத்து மைதானங்களில் எடுக்கப்பட்டது.

குழந்தைகளோடு பார்க்கலாமா? வகுப்பில் திரையிடலாமா?

அமெரிக்கத் தணிக்கையில் பி.ஜி, அதாவது பெற்றோர் துணையோடு. எங்கள் பரிந்துரை 12 வயதுக்கு மேல். நிறவெறி வசைச்சொற்கள் பலமுறை வரும். அந்தச் சொல் எப்படிப்பட்டது, ஏன் இன்று யாரும் உச்சரிக்கக் கூடாது என்று படம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் இடைவேளையில் பையன்கள் விளையாட்டாகத் திருப்பிச் சொல்வார்கள். பிறகு திருத்துவது கடினம்.

திரையிடலுக்கு மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் 15 நிமிடம் விதிகள். கரும்பலகையில் மைதானத்தை வரைந்து, 13ஆவது கெஜத்திலிருந்து 87 கெஜம் எவ்வளவு தூரம் என்று கோடு போட்டுக் காட்டினால் போதும். அரங்கக் கூச்சலில் வசனம் அமுங்கிப்போவதால் ஆங்கில வசனவரிகளை ஓடவிடுங்கள். நடுவில் நிறுத்தி விளக்க வேண்டாம், ஓட்டம் கெட்டுவிடும். வெஸ்ட் வர்ஜீனியா காட்சி கற்பனை என்பதைப் படம் முடிந்த பிறகு சொல்லுங்கள், முன்பே சொன்னால் மொத்தப் படத்தையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். ஆனால் சொல்லாமல் விடாதீர்கள்.

விவாதத்துக்கு ஒரு கேள்வி போதும்: விருந்திலிருந்து அணி எழுந்து போயிருந்தால் யார் யார் என்ன இழந்திருப்பார்கள்? ஆட்டக்காரர், பயிற்சியாளர், பல்கலைக்கழகம் என்று மூன்று குழுவாகப் பிரித்துப் பேசவிட்டால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

படம் பிடித்திருந்தால் அடுத்து எதைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம்?

முதலில் ஜானி பிரைட். 1951 அக்டோபர் 20 அன்று டிரேக் பல்கலைக்கழகத்துக்காக ஓக்லஹோமாவில் ஆடிய கறுப்பின ஆட்டக்காரர். பந்து அவர் கையிலேயே இல்லாதபோது எதிரணித் தற்காப்பு ஆட்டக்காரர் அடித்ததில் தாடை உடைந்தது. ஆட்டத்தின் முதல் 7 நிமிடத்துக்குள் 3 முறை மயங்கி விழுந்தார். ஒரு பத்திரிகையின் புகைப்படக்காரர்கள் இருவர் அடுத்தடுத்து எடுத்த படங்கள் அடியை மறுக்க முடியாதபடி காட்டின. அவர்களுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அடித்தவருக்குத் தண்டனை கிடைக்கவில்லை. எதிரணிப் பல்கலைக்கழகம் வருத்தம் தெரிவித்தது 2005இல். மார்கன்டவுன் பாட்டில்களைக் கற்பனை செய்ததற்குப் பதில் இதைப் போன்ற நிஜம் ஒன்றைத் திரைக்கதை தொட்டிருக்கலாம்.

1940இல் மிசௌரி அணிக்கு எதிராக லியோனார்ட் பேட்ஸை உட்கார வைத்த நியூயார்க் பல்கலைக்கழகத்தை எதிர்த்து மாணவர்கள் போராடியதும், 7 பேர் இடைநீக்கம் ஆனதும் இன்னொரு தொடர்பு. 1969இல் வயோமிங் பல்கலைக்கழகம் 14 கறுப்பின ஆட்டக்காரர்களை ஒரே நாளில் அணியிலிருந்து நீக்கியதும் அவசியம் படிக்க வேண்டியது.

சாட்விக் போஸ்மேன் இந்தப் படத்தில் இருக்கிறாரா?

ஆம், சிறு வேடம். அவருக்கு இதுதான் முதல் திரைப்படம். எர்னி நேரில் பேசிச் சிரக்யூஸுக்கு இழுத்த ஃப்ளாய்ட் லிட்டிலாக வருகிறார். எர்னிக்குப் பிறகு 44ஐ அணிந்து பெயர் வாங்கியவர் லிட்டில். பல்கலைக்கழகம் அந்த எண்ணை 2005இல் ஓய்வு கொடுத்து வைத்தது.

தேடும்போது வேறு படங்கள் வருகின்றன. எப்படிக் கண்டுபிடிப்பது?

தலைப்பை மட்டும் போட்டால் ரயில் படங்களாகவே வரும். தலைப்போடு எர்னி டேவிஸ் பெயரையும் 2008 என்ற ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள். ஓடும் நேரம் 130 நிமிடத்தை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். வெகுவாகக் குறைந்தால் அது வெட்டிய பிரதி, அல்லது எர்னியைப் பற்றிய வேறு ஆவணப்படம்.